எழுபத்து நான்காம் பக்கம்

நான் வேலை பார்த்த அச்சகத்தில் இப்போது பொருளடக்கம் போட யாரும் மெனக்கெடுவதில்லை. கணினியில் ஒரு தட்டுத் தட்டினால் தலைப்பும் பக்க எண்ணும் வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. நடுவில் நாலு பக்கம் சேர்த்தாலும் எண்கள் தாமாகவே மாறிக்கொள்கின்றன. போன மாதம் சும்மா எட்டிப் பார்க்கப் போனவனை அங்கிருக்கும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். "பக்கம் அண்ணே, முன்னாடி இதையெல்லாம் கையாலயா போட்டீக? எப்படின்னு எழுதிக் குடுங்களேன், நம்ம ஆண்டு மலர்ல போட்டுருவோம்" என்றார்கள். அருளப்பன் என்று எனக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருக்கிறது. அச்சகத்தில் அதை யாரும் பயன்படுத்தியதில்லை. நான் பக்கம் அருளப்பன், பக்கம் அண்ணன். முதலாளிக்குக் கோபம் வந்தால் வெறும் 'யோவ் பக்கம்'.

எழுதித் தருகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். உட்கார்ந்து யோசித்தால் பெருமைப்படும்படி ஒன்றும் வரவில்லை, வெட்கம்தான் வருகிறது. சரி, வருவதைத்தானே எழுத முடியும். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

எனக்கு ஊர் தங்கச்சிமடம். எங்கள் அய்யா விசைப்படகில் போனவர். நான் படகில் ஏறினால் பாம்பன் தாண்டுவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். "ஏலே, ஒனக்குக் கடலும் ஒத்துக்கல, படிப்பும் ஏறல. டைப்பாச்சும் படிச்சுத் தொலை" என்று அவர்தான் என்னை இராமநாதபுரத்துக்குப் பஸ் ஏற்றி விட்டார். டைப் படித்தேன். அரண்மனைப் பக்கம் ஓர் அச்சகத்தில் சேர்ந்து ஈய எழுத்துக் கோத்தேன். எழுத்தெல்லாம் பழைய இரும்புக்குப் போனபின் கணினியில் பக்கம் கட்டினேன். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான் உண்டு. மற்றதெல்லாம் மெய்யப்பன் சாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது.

மெய்யப்பன் சார்தான் எங்களுக்கு மேலாளர், பிழை திருத்துபவரும் அவரே. முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். கடலைப் பாலத்தில் போகும்போது பார்த்திருப்பார், அவ்வளவுதான். ஆளைத் திட்ட மாட்டார். தப்பிருக்கும் தாளை மேசைமேல் வைத்து ஆள்காட்டி விரல் நகத்தால் நம் பக்கம் மெல்லத் தள்ளுவார். தள்ளிவிட்டு டீயைக் குடிப்பார். அந்த நகத்துக்கு நான் பயந்த மாதிரி என் அய்யாவின் பெல்ட்டுக்குக்கூடப் பயந்ததில்லை.

சேர்ந்த புதிதில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு மலர் வந்தது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பொருளடக்கத்தை முதலிலேயே போட்டு வைத்துவிட்டேன். கடைசி நேரத்தில் ஒரு விளம்பரப் பக்கம் உள்ளே வந்தது. பக்கமெல்லாம் ஒன்று தள்ளிப்போனது எனக்கு உறைக்கவில்லை. மெய்யப்பன் சார் தாளைத் தள்ளினார். "தலைமை ஆசிரியர் வாழ்த்துரை, எத்தனாம் பக்கம் போட்டிருக்க? அதத் தெறந்து சத்தமா வாசி" என்றார். திறந்தேன். "இங்கு தரமான புண்ணாக்கும் தவிடும் மலிவாகக் கிடைக்கும்" என்று வாசித்தேன். அச்சகமே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "வீட்டக் கட்டி முடிச்சிட்டுத்தான்டா கதவுல நம்பர் ஒட்டணும்" என்றார்.

அன்றிலிருந்து ஒரு முறை வைத்துக்கொண்டோம். திருத்தமெல்லாம் முடிந்து கடைசிப் படி வந்த பிறகுதான் பொருளடக்கம். அவர் தலைப்பையும் எண்ணையும் வாசிப்பார். நான் அந்தப் பக்கத்தைத் திறந்து அங்கே இருக்கும் தலைப்பைச் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். இது ஒரு தடவை. பிறகு கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் வருவோம். இப்போது நான் வாசிக்க, அவர் பச்சை மைப் பேனாவால் ஒவ்வொன்றாகக் குறி போடுவார். "முன்னால போகையில கண்ணு தெரிஞ்சதையே பார்க்கும். பின்னால வந்தாத்தான் இருக்கிறதப் பார்க்கும்" என்பார். தலைப்புக்கும் எண்ணுக்கும் நடுவே ஓடும் புள்ளிகள் ஒரு வரியில் கூடினாலும் குறைந்தாலும் விட மாட்டார். சில வருடங்களில் நான் அவரையே மிஞ்சினேன். கடையில் மாத இதழைப் புரட்டினால்கூட முதலில் பொருளடக்கத்தை ஒத்துப்பார்ப்பேன். தப்பிருந்தால் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் வருவேன். அந்தத் திமிரில்தான் பக்கம் அருளப்பன் ஆனேன்.

அப்படியிருக்கையில் எங்கள் பங்குக் கோவில் பாட்டுப் புத்தகம் மறுபதிப்புக்கு வந்தது. பங்குச்சாமி, அதாவது எங்கள் பாதிரியார், ஊருக்குப் புதிது, வேறு எங்கோ இருந்து மாற்றலாகி வந்தவர். கூட, கோவிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரும் வந்திருந்தார். பழைய புத்தகத்தில் பக்க எண் பேருக்குத்தான் இருக்கும். பாட்டுக்குத்தான் எண். எங்கள் கரையில் யாரும் பாட்டை முதல் அடி சொல்லிக் கேட்க மாட்டார்கள், எண்ணைத்தான் சொல்வார்கள். அதிலும் எழுபத்தி நாலு என்றால் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அது அடக்கப் பாட்டு. பெட்டியைக் கோவிலிலிருந்து கல்லறைக்குத் தூக்கும்போது பாடுவது. ஊரில் யாராவது சாகக் கிடந்தால், "இன்னிக்கோ நாளைக்கோ எழுபத்தி நாலுதான்" என்பார்கள். பயல்கள் சண்டை போட்டால், "ஏலே, ஒனக்கு எழுபத்தி நாலு பாடிருவேன்" என்பான் ஒருவன்.

இந்த ஊரில் பிறந்த நான்தான் பங்குச்சாமியிடம், "பாட்டுக்கு ஒரு எண், பக்கத்துக்கு ஒரு எண் என்றால் குழப்பம் சாமி. பாட்டு எண்ணை எடுத்துவிடுவோம். அகர வரிசையில் பொருளடக்கம், நேரே பக்க எண். எந்தப் பாட்டையும் கண்ணை மூடித் திறப்பதற்குள் எடுக்கலாம்" என்று விளக்கினேன். சாமிக்குப் பிடித்துப்போனது. உபதேசியார் மட்டும் இழுத்தார்.

"நம்பர எடுத்துப்புட்டா எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளையாளுக என்னப்பா செய்யும்? அதுகளுக்கு நம்பர்தானே பாட்டு?"

"பழகிக்கிருவாக அண்ணே. நாமளும் எத்தன காலத்துக்கு இப்படியே இருக்கிறது?" என்றேன். மெய்யப்பன் சார் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார். அவருக்கு எங்கள் ஊர்ச் சங்கதி என்ன தெரியும்?

அந்தப் பொருளடக்கத்தைப் போல் ஒன்றை நான் அதற்கு முன்னும் போட்டதில்லை, பின்னும் போட்டதில்லை. முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை ஒத்துப்பார்த்து, மனசு கேட்காமல் இன்னொரு தடவையும் பார்த்தேன். 'மணமக்கள் வாழ்த்துப் பாடல்' என்ற வரிக்கு நேரே எழுபத்து நான்கு என்று என் கையால்தான் தட்டினேன். மெய்யப்பன் சாரிடம் வாய்விட்டும் வாசித்தேன். ஒரு தடவைகூட என் காதில் அது விழவில்லை. எனக்கு அது பக்கமாக மட்டுமே கேட்டது.

புதுப் புத்தகம் வந்தபின் நடந்த முதல் கல்யாணம் ரெஜினாவுடையது. ரெஜினா என் பெரியப்பா மகன் சந்தியாகு அண்ணனின் மகள். என்னைச் சித்தப்பா என்பாள். மாப்பிள்ளை செபஸ்தி காரங்காட்டுக்காரர், நாட்டுப்படகில் நண்டு வலை போடுகிறவர். பூசைக்கு முன்னால் புத்தகங்களை நானே பெஞ்சு பெஞ்சாகக் கொடுத்தேன். மாப்பிள்ளை வீட்டாரிடம், "நம்ம கைவேலைதான்" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன்.

தாலி கட்டி முடிந்தது. பங்குச்சாமி ஒலிபெருக்கியில், "மணமக்கள் வாழ்த்துப் பாடல், பக்கம் எழுபத்து நான்கு" என்றார். அந்த ஒலிபெருக்கி எப்போதும் பாதியைத்தான் வெளியே விடும். முன்னால் சொன்னதெல்லாம் கரகரப்பில் போய், எழுபத்து நான்கு மட்டும் தெளிவாக வந்தது. ஆர்மோனியம் இன்னும் தொடங்கவில்லை. முன்வரிசையில் சூசையம்மா அக்கா இருந்தார். சந்தியாகு அண்ணனின் கூடப் பிறந்தவர், ரெஜினாவுக்கு அத்தை. எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் எண்ணைச் சொன்னால் போதும், வாய் தானாகத் திறக்கும். ஊரில் எல்லாப் பெட்டிக்கும் முன்னால் நின்று பாடிய குரல் அது. அன்றும் திறந்தது. அடக்கப் பாட்டின் முதல் அடியை அக்கா கணீரென்று எடுத்தார். பின்னாலிருந்த பெண்களில் பாதிப் பேர் பழக்கத்தில் கூடவே பாடிவிட்டார்கள். இரண்டாம் அடி வரவில்லை. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ரெஜினா திரும்பிப் பார்த்தாள். மாலையும் கழுத்துமாக நின்ற அந்தப் பிள்ளையின் முகத்தை எழுத என்னால் ஆகாது.

பூசை முடிந்து வாசலில் மாப்பிள்ளையின் தாயார் லூர்தம்மாள் பிடித்துக்கொண்டார். கடலுக்குப் போகிற மகனைப் பெற்றவர், அவரைக் குறை சொல்ல முடியுமா? "எம்மகன் தாலி கட்டுன கையோட எழவுப் பாட்டா? எவன் அடிச்ச பொஸ்தகம் இது?" என்று கத்தினார்.

நான் அந்த நேரத்தில் என்ன செய்திருக்க வேண்டும்? 'நான்தான், தப்பு என்னுது' என்று காலில் விழுந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் புத்தகத்தை விரித்தேன்.

"இந்தா பாருங்க சம்மந்தி. மணமக்கள் வாழ்த்து, எழுபத்தி நாலு. இப்ப எழுபத்தி நாலாம் பக்கத்தப் பாருங்க, என்ன போட்டிருக்கு? மணமக்கள் வாழ்த்து. பொஸ்தகத்துல ஒரு புள்ளி தப்புக் கெடையாது. படிக்கத் தெரியாதவுக பாடுனா பொஸ்தகம் என்ன செய்யும்?"

விரலை வைத்துக் காட்டினேன். பொருளடக்கத்தில் ஒரு தடவை, பக்கத்தில் ஒரு தடவை. மெய்யப்பன் சாரிடம் செய்வதைப் போலவே.

லூர்தம்மாள் புத்தகத்தையும் என்னையும் பார்த்தார். "அப்ப பொஸ்தகம் பாடல. பொண்ணோட அத்தகாரிதான் பாடியிருக்கா" என்றார். சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். நான் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். என் வேலைக்குப் பழுதில்லை என்று ஊர் முன்னால் நிரூபித்துவிட்டேன் அல்லவா?

கல்யாணம் நின்றுவிடவில்லை. பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சூசையம்மா அக்கா மட்டும் அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அக்கா அதன்பிறகு கோவிலில் பின்வரிசைக்குப் போய்விட்டார். எந்தப் பாட்டுக்கும் வாய் திறப்பதில்லை.

சில மாதம் கழித்து, மனசு அறுத்துக்கொண்டே இருக்க, ரெஜினாவைப் பார்க்கக் காரங்காட்டுக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கிக் கரையில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தவரிடம் செபஸ்தி வீடு எங்கே என்று கேட்டேன்.

"எந்தச் செபஸ்தி? எழுவத்திநாலு வீட்டுக்காரனா?" என்றார். எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "அதாம்ப்பா, அந்தத் தங்கச்சிமடத்துப் பொண்ணு. எழுவத்திநாலு. அங்கன, பச்சக் கதவு" என்று கையைக் காட்டினார்.

ஒரு பெண்ணுக்கு என் பக்க எண்ணைப் பெயராக வைத்திருந்தார்கள். செபஸ்தி தங்கமான பிள்ளைதான், ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஆனால் படகு இறங்கும்போது அவள் கரைக்கு வரக்கூடாது. நண்டு படவில்லையென்றால் அவள் முகத்தில் முழித்ததுதான் காரணம் என்பார்களாம். எஞ்சின் மக்கர் செய்தால் அவள் சோறு கட்டிக் கொடுத்தது. எல்லாம் ரெஜினாவே வீட்டில் வைத்துச் சொன்னாள், அழவில்லை. டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சித்தப்பா, ஒரு உதவி செய்யிறீகளா? மாமியா இப்ப கொல்லையிலருந்து வருவாக. பொஸ்தகத்துலதான் கோளாறுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. நம்பர் மாறி அச்சாயிருச்சு, அதக் கேட்டுத்தான் சூசையம்மா அத்த பாடிட்டாகன்னு. நீங்க சொன்னா நம்புவாக. அடிச்சது நீங்கதான்னு அவுகளுக்குத் தெரியும்ல?"

லூர்தம்மாள் வந்தார். "வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, எதற்கு வந்தேன் என்பதைப் போல நின்றார். ரெஜினா என்னையே பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். பொருளடக்கத்தில் கோளாறு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அது பொய்கூட இல்லை, யோசித்துப் பார்த்தால். ஆனால் தப்பில்லாத வேலையைத் தப்பென்று என் வாயால் சொல்வதா என்று ஒரு பேய் என்னைப் பிடித்துக்கொண்டது. "அன்னைக்கு நடந்தத மனசுல வச்சுக்கிறாதீக சம்மந்தி. பொஸ்தகம் சரிதான், ஏதோ வாய் தவறிப்போச்சு" என்றேன்.

"அதத்தான் அன்னைக்கே வெரல வச்சுக் காட்டுனீகளே" என்றார் லூர்தம்மாள். ரெஜினா எழுந்து டீ தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

மறுநாள் மெய்யப்பன் சாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஒரு திருத்தச் சீட்டு அடித்துப் பொருளடக்கத்தின்மேல் ஒட்டிக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். அவர் புத்தகத்தை வாங்கிப் பின்னாலிருந்து புரட்டிக்கொண்டு வந்தார்.

"தப்பு எங்க இருக்கு?"

"தப்பு இல்ல சார்."

"தப்பில்லாததுக்குத் திருத்தம் எப்படிடா போடுறது?" என்றார். டீயைக் குடித்தார். பிறகு, "எழுபத்தி நாலுன்னா உங்க ஊர்ல என்னன்னு எனக்குத் தெரியாது. நான் காட்டுக்காரன். ஒனக்குத் தெரியும்ல?" என்றார்.

"தெரியும் சார்."

புத்தகத்தை மேசைமேல் வைத்து, நகத்தால் என் பக்கம் தள்ளினார். அத்தனை வருடத்தில் அவர் தள்ளியதிலேயே ஒரு பிழையும் இல்லாத புத்தகம் அது ஒன்றுதான்.

அந்த வாரமே மறுபடியும் காரங்காட்டுக்குப் போய், தப்பு புத்தகத்தில்தான் என்று லூர்தம்மாளிடம் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டும் சொன்னேன். "மருமக சொல்லிக்குடுத்துக் கூட்டியாந்திருக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்காகவும் அந்தப் பிள்ளைதான் பேச்சு வாங்கியிருப்பாள். காலத்தில் செய்யாததை அப்புறம் செய்தால் அதுவும் குற்றமாகத்தான் முடிகிறது.

பங்கில் அடுத்த பதிப்பு போட்டபோது பாட்டு எண்களைப் பழையபடியே வைத்தோம். நான்தான் உட்கார்ந்து வைத்தேன். இப்போது கோவில் சுவரில் திரை கட்டிப் பாட்டைப் பெரிதாகக் காட்டுகிறார்கள். புத்தகத்தை யாரும் தொடுவதில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டு, "பக்க எண்ணில் தவறே செய்யாத அண்ணன்" என்று பேசினார்கள். தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

போன தை மாதம் ரெஜினா என் வீட்டுக்கு வந்தாள். மகளுக்குக் கல்யாணம், பத்திரிகை வைக்க வந்திருந்தாள். தலையில் நரை விழுந்திருந்தது. செபஸ்தி நன்றாக இருக்கிறார், படகு இரண்டாகியிருக்கிறது. லூர்தம்மாள் காலமாகிச் சில வருடம் ஆகிறது. "மாமியா போனாலும் பேரு போகல சித்தப்பா. எம்புள்ளையளப் பள்ளிக்கூடத்துல எழுவத்தஞ்சு, எழுவத்தாறுன்னு கூப்பிட்டாகளாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பாட்டுத் தாள் அடிக்க வேண்டுமானால் நானே செய்து தருகிறேன் என்று அவசரமாகச் சொன்னேன். வேண்டாம், திரை இருக்கிறது என்றாள்.

வெற்றிலைத் தட்டை என் கையில் கொடுத்தாள். "சூசையம்மா அத்தையக் கூட்டிட்டுப் போறேன். முன்வரிசைல ஒக்கார வச்சு அவுக வாயாலதான் வாழ்த்துப் பாடணும்னு சொல்லிட்டேன். மாட்டேன்னாக, விடல. எங்க வீட்டுக்காரரும் ஒத்துக்கிட்டாக." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீங்க குடும்பத்தோட கட்டாயம் வரணும் சித்தப்பா. ஆனா கோவிலுக்கு வேணாம். பந்திக்கு வாங்க. நீங்க அன்னைக்குப் பொஸ்தகத்த விரிச்சுக்கிட்டு நின்னது இன்னும் அங்கன எல்லாருக்கும் கண்ணுல நிக்கிது. எனக்கும் நிக்கிது."

"சரிம்மா" என்றேன்.

போனேன். காரங்காட்டுக் கோவிலில்தான் கல்யாணம். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் கூப்பிட்டவள் வரச்சொல்லித்தானே கூப்பிட்டாள். வீட்டுக்காரியைக் கோவிலுக்கு அனுப்பிவிட்டு, எதிரே மண்டபத்தில் போய் உட்கார்ந்தேன். பந்திக்கு மேசை போட்டுக்கொண்டிருந்தார்கள். சமையல்காரர்களைத் தவிர ஈ காக்காய் இல்லை. கோவிலில் ஒலிபெருக்கி நன்றாக வேலை செய்தது. யாரும் எண் எதுவும் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்துச் சூசையம்மா அக்காவின் குரல் வந்தது. வயசாகி நடுங்கினாலும் அதே குரல்தான். முதல் அடி முடிந்ததும் ஊரே கூடப் பாடியது.

இலைக்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த சமையல்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், கேட்டுவிட்டார்.

"அய்யா பொண்ணுக்கு என்ன வேணும்?"

"தாத்தா முறை."

"பெறகு கோவிலுக்குப் போகாம இங்கன ஒக்காந்திருக்கீக?"

"என்னையப் பந்திக்குத்தான் கூப்பிட்டிருக்காக" என்றேன்.